ஒரு சொட்டு ரத்தம், ஒளி ஓடும் சிப்: எங்கள் ஊருக்கு எப்போது வரும்?

கேள்வி, 4 மார்ச் 2024

ஒரு வீடியோ பார்த்தேன். விரல் நகம் அளவுக்கு ஒரு சிப். அதற்குள் ஒளி ஓடுகிறதாம். ஒரு சொட்டு ரத்தம் விட்டால் பத்து நிமிடத்தில் எல்லா டெஸ்ட்டும் வந்துவிடுமாம். என் அம்மாவுக்கு வாரம் தவறாமல் ரத்தம் எடுக்கிறார்கள். நரம்பு கிடைப்பதே இல்லை, இரண்டு கையும் கன்றிப்போய்க் கிடக்கிறது. இது நிஜமா? நிஜம் என்றால் ஏன் இன்னும் எங்கள் ஊர் லேபில் இல்லை?

5 மார்ச் 2024

சிப் நிஜம்தான். அப்படிப்பட்ட சிப்போடு நாலு வருடம் ஆராய்ச்சியில் இருந்தேன். இப்போது ஒரு சின்ன ஊரில் ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

வயலில் வாய்க்கால் வழியே தண்ணீர் ஓடும், வரப்பு அதைத் தடுத்து நிற்கும். இந்தச் சிப்பில் வரப்புக்குள்ளேயேதான் ஒளி ஓடும். சிலிக்கனால் ஆன வரப்பு. உயரம் 220 நானோமீட்டர், அகலம் 450 முதல் 500 வரை (நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). சிலிக்கனின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு மெதுவாக்குகிறது என்பதன் அளவு) சுமார் 3.5. கீழே இருக்கும் கண்ணாடிக்கு 1.44, மேலே இருக்கும் தண்ணீருக்கு 1.33. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் ஒளியின் பெரும்பகுதி வரப்பை விட்டு வெளியேறாமல் வளைந்து வளைந்து போகும்.

அந்த வரப்பை வட்டமாகப் போட்டால் அது ரிங். என் சிப்பில் குறுக்களவு 30 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. ஒரு குறிப்பிட்ட அலைநீளம் மட்டும் அந்த வட்டத்துக்குச் சரியாகப் பொருந்தி உள்ளேயே ஆயிரக்கணக்கான முறை சுற்றும். ஒளியில் கொஞ்சம் எப்போதும் வரப்புக்கு வெளியே கசிந்தபடி இருக்கும், நூறு நானோமீட்டர் தாண்டுவதற்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடும். அந்தக் கசிவுக்குள், தேடும் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை ஒட்டி வைத்திருப்போம். தேடும் புரதம் வந்து ஆன்டிபாடியில் உட்கார்ந்ததும் அந்த இடத்திலிருந்த தண்ணீர் விலகுகிறது, ஒளிவிலகல் எண் ஒரு துளி கூடுகிறது, பொருந்தும் அலைநீளம் நகர்கிறது. அந்த நகர்வைத்தான் அளக்கிறோம். புரதத்துக்கு அடையாளமாகச் சாயம் வேண்டாம், நொதி வேண்டாம்.

ஏன் உங்கள் ஊரில் இல்லை என்பதற்கு நாளை எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால் வெப்பநிலைதான் காரணம்.

6 மார்ச் 2024

வெப்பநிலை கதை இது.

சேர்ந்த முதல் வருடம். மிகக் குறைந்த அளவில் புரதம் கலந்த கரைசலை ஓடவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு மெதுவாக மேலே ஏறியது. எட்டு பைக்கோமீட்டர் (நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் பைக்கோமீட்டர்). கையெல்லாம் நடுங்கியது, வழிகாட்டியைக் கூப்பிட ஓடினேன். அவர் வந்து உட்காரும்போது கோடு தானாக இறங்கிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொண்ட புரதம் அப்படிச் சட்டென்று விடாது. அவர் திரையைப் பார்க்கவே இல்லை, சுவரில் இருந்த ஏசியைப் பார்த்தார். "பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் ஏறி இறங்குதா பாரு" என்றார். ஏறி இறங்கியது.

சிலிக்கன் ரிங்கை ஒரு டிகிரி சூடாக்கினால் அலைநீளம் 70 முதல் 80 பைக்கோமீட்டர் நகரும். பத்தில் ஒரு டிகிரி போதும் என் எட்டு பைக்கோமீட்டருக்கு. நான் நாள் முழுக்க அளந்தது ஏசி கம்ப்ரெஸர் நின்று ஓடுவதை.

6 மார்ச் 2024, இரவு

மேலே ஒருவர் "ஆயிரக்கணக்கான முறை சுற்றும்" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். போட்டேன். அவர் சொல்வதுதான் சரி. நான் பயன்படுத்திய ரிங்கின் தரக்காரணி (ஒளியை எவ்வளவு நேரம் தேயாமல் வைத்திருக்கும் என்பதன் அளவு) சுமார் 30,000. அதற்கு ஒளி தேய்ந்துபோவதற்குள் போகும் தூரம் ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர். ரிங்கின் சுற்றளவு 94 மைக்ரான். ஆக, ஏறக்குறைய இருபது சுற்றுதான். நாலு வருடம் எல்லோரிடமும் ஆயிரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பல்லாயிரம் சுற்று என்பது அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் செய்த கண்ணாடி வளையங்களுக்குப் பொருந்தும், அவற்றின் தரக்காரணி பத்து கோடி அளவு. திருத்தியவருக்கு நன்றி.

9 மார்ச் 2024

வெப்பநிலைதான் காரணம் என்று எழுதியதை யோசித்துப் பார்த்தேன். வாபஸ் வாங்குகிறேன்.

அதற்கு மருந்து உண்டு. பக்கத்திலேயே இன்னொரு ரிங் போட்டு அதை மூடிவைத்தால், அது வெப்பத்துக்கு மட்டும் நகரும். இதிலிருந்து அதைக் கழித்தால் போச்சு. நாங்களும் அதைத்தான் செய்தோம். ஏசி அலை மறைந்துவிட்டது. நான் அந்த எட்டு பைக்கோமீட்டரை மறக்காததால் அதையே பெரிய தடை என்று எழுதிவிட்டேன்.

நிஜமான தடை ரத்தம். உப்புக்கரைசலில் அழகாக வேலை செய்த சிப்பில் முதல்முறை சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) விட்ட அன்று, எதிர்பார்த்ததைவிடப் பத்து மடங்கு சிக்னல் வந்தது. ஆன்டிபாடியே ஒட்டாத ரிங்கிலும் அதே பத்து மடங்கு. ரத்தத்தில் இருக்கும் அல்புமினும் மற்ற புரதங்களும் கிடைத்த இடத்திலெல்லாம் படிந்துவிடும். ஒளிக்கு எது எதுவென்று தெரியாது. ஒட்டியது நமக்கு வேண்டியதா, சும்மா வந்து உட்கார்ந்ததா, அதற்கு எல்லாம் ஒரே நகர்வு.

ஒரு கணக்கு. மாரடைப்பைக் கண்டுபிடிக்க ட்ரோபோனின்-டி என்ற புரதத்தைப் பார்க்கிறோம். லிட்டருக்கு 14 நானோகிராம் என்பது எல்லைக்கோடு. அதே ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் (அணுக்களை நீக்கிய ரத்த நீர்) மொத்தப் புரதம் சுமார் 70 கிராம். வகுத்துப் பாருங்கள், 500 கோடிக்கு ஒன்று. சர்க்கரையோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். ரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு ஒரு கிராம் அளவு, ட்ரோபோனினைவிட ஏழு கோடி மடங்கு. வீட்டில் குளுக்கோமீட்டர் வந்து எத்தனையோ வருடம் ஆகியும் ட்ரோபோனின் மீட்டர் ஏன் வரவில்லை என்பதற்கு இந்த ஏழு கோடிதான் முதல் காரணம்.

10 மார்ச் 2024

"அப்படியானால் சிப் எவ்வளவு குறைவாகப் பார்க்கும்?" என்று கேட்டவருக்கு: 2007-ல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் 5 மைக்ரான் ஆரமுள்ள சிலிக்கன் ரிங்கில் அவிடின் என்ற புரதத்தை மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் வரை பார்த்தார்கள். அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். ட்ரோபோனின் எல்லைக்கோடு அதைவிட எழுநூறு மடங்கு கீழே இருக்கிறது. அதன்பின் எவ்வளவோ முன்னேறிவிட்டார்கள், ஆனால் அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி ஒளியில் நடக்கவில்லை, மேற்பரப்பின் வேதியியலில் நடந்தது.

17 மார்ச் 2024

ஒருவர் "ஒளியில் ரத்தம் பார்ப்பதே புதுசாக இருக்கிறதே" என்கிறார். புதுசு இல்லை. உங்கள் ஊர் லேபில் இன்றைக்கும் ஒளிதான் பார்க்கிறது. எலைசா என்ற ஆன்டிபாடிச் சோதனை முடிந்ததும் மஞ்சள் நிறத்தை 450 நானோமீட்டரில் அளக்கிறோம். அழற்சியைக் காட்டும் சிஆர்பி புரதத்தைப் பார்க்கும்போது கரைசல் எவ்வளவு கலங்கியது என்று ஒளியை விட்டுத்தான் பார்க்கிறோம். கொரோனாவில் எல்லோர் விரலிலும் மாட்டிய ஆக்ஸிமீட்டரும் இரண்டு நிற ஒளிதான்.

இந்தச் சிப்புகளின் முன்னோடியும் ரொம்பப் பழசு. சுமார் 50 நானோமீட்டர் தங்கப் படலத்தின் மேல் குறிப்பிட்ட கோணத்தில் ஒளி விட்டால் அது தங்கத்தின் மேற்பரப்பிலேயே விழுங்கப்படும். மேலே ஏதாவது ஒட்டினால் அந்தக் கோணம் மாறும். 1983-ல் ஸ்வீடனின் லிங்ஷோப்பிங்கில் இதைப் பயோசென்சாராக்கிக் காட்டினார்கள். அதிலிருந்து பிறந்த நிறுவனம் 1990-ல் பயாக்கோர் என்ற முதல் கருவியை விற்றது. இன்றைக்கு மருந்துக் கம்பெனிகளின் ஆய்வகங்களில் சர்வசாதாரணம். ஆனால் நோயாளியின் கட்டிலருகே அது வரவில்லை. மருந்துக் கம்பெனிக்காரரிடம் இருப்பது சுத்தம் செய்த புரதம். எவ்வளவு வேகமாக ஒட்டுகிறது, எவ்வளவு வேகமாக விடுகிறது என்பது அவருக்கு முக்கியம், அதை இந்தக் கருவி நன்றாகக் காட்டும். டாக்டருக்கு அந்த வேகம் எல்லாம் வேண்டாம், ஒரே ஒரு எண் போதும், அதுவும் அழுக்கான ரத்தத்திலிருந்து.

18 மார்ச் 2024

குமிழியைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். சிப்பின் மேல் மெல்லிய ரப்பர் வாய்க்கால் வைத்துத்தான் திரவத்தை ஓட்டுவோம். கடுகில் பத்தில் ஒரு பங்கு அளவு காற்றுக் குமிழி ரிங்கின் மேல் போய்விட்டால் கோடு திரையை விட்டே வெளியே போய்விடும். அது போன பிறகும் ஆன்டிபாடிப் படலம் பழைய நிலைக்கு வராது. கரைசலில் கரைந்திருக்கும் காற்றை முதலிலேயே இழுத்து எடுத்துவிட்டு, பிறகுதான் ஓட்டுவோம். அப்படியும் வரும். நான் வீணாக்கிய சிப்புகளில் பாதி குமிழியால்.

2 ஏப்ரல் 2024

இந்தக் கேள்வி-பதில் திரி வேறு பக்கம் போகிறது, இருந்தாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ரிங்கில் ஒளி ஓரமாக ஒட்டிச் சுற்றுவதற்கும், குவிமாட மண்டபத்தில் சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் கேட்பதற்கும் அடிப்படை ஒன்றுதான். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் கிசுகிசு மாடத்துக்கு 1910-ல் ஆங்கில இயற்பியலாளர் ராலே பிரபு அலைக்கணக்குப் போட்டார். 1921-ல் அங்கே போன நம் திருச்சிக்காரர் சி.வி. ராமன் அதைச் சோதித்துப் பார்த்தார். திரும்பி வந்து பீஜப்பூரின் கோல் கும்பாஸ் என்ற குவிமாடக் கல்லறையிலும் பார்த்தார்.

நான் கோல் கும்பாஸுக்கு இரண்டு தரம் போயிருக்கிறேன். முதல் தரம் மதியம், பள்ளிப் பிள்ளைகள் பத்து பஸ்ஸில் வந்திறங்கியிருந்தார்கள். ஒரே கூச்சல், பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. அடுத்த தரம் காலையில் கதவு திறந்ததும் ஏறிவிட்டேன். என் மனைவி எதிர்ப்பக்கம் போய் ஒரு காகிதத்தைக் கிழித்தாள். என் காதருகே கிழிந்தது. சீரம் விட்ட நாள் எனக்கு அந்த மதியம்தான் ஞாபகம் வந்தது. மாடத்தில் குறையே இல்லை. கூட்டம்தான் மிகுதி.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்துகள். "இதுவும் தெரனோஸ் கதைதான்" என்று எழுதியவருக்கு.

இல்லை. ஒரு சொட்டு ரத்தத்தில் நிறைய டெஸ்ட் என்று சொன்ன அமெரிக்கக் கம்பெனிதான் தெரனோஸ். அது ஒளிச் சிப் கம்பெனி இல்லை, அதன் தலைவி 2022 ஜனவரியில் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பானது முதலீட்டாளர்களிடம் பொய் சொன்னதற்காக. ஒளிச் சிப்பின் வேலை முழுக்க ஆய்வுக் கட்டுரைகளில் திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். இரண்டையும் ஒரே கூடையில் போடுவது இத்தனை வருடம் நேர்மையாக உழைத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஆனால் ஒரு விஷயத்தில் உங்கள் சந்தேகம் சரி. விரல் சொட்டு. 2015-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே விரலில் அடுத்தடுத்து எடுத்த சொட்டுகளை ஒப்பிட்டார்கள். ஹீமோகுளோபின், வெள்ளணு எண்ணிக்கை எல்லாம் சொட்டுக்குச் சொட்டு மாறியது. நரம்பிலிருந்து எடுத்த ரத்தம் அளவுக்கு நம்பகமாக வர ஆறு முதல் ஒன்பது சொட்டு வரை சராசரி எடுக்க வேண்டியிருந்தது. விரலைப் பிழியும்போது திசுநீர் கலக்கும், சிவப்பணு உடையும். சிப் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் உள்ளே போவது அந்தச் சொட்டுதானே.

27 மே 2024

அப்பாவுக்கு நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

இரவு பதினொரு மணிக்கு நெஞ்சு வலி. கொண்டுபோன இடத்தில் ஈசிஜி நார்மல். ட்ரோபோனின் பார்க்க வசதி இல்லை, ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து வேறு ஊருக்கு ஆட்டோவில் அனுப்பினார்கள். வராந்தாவில் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்பா "நீ இதைத்தானே படிச்ச, என்ன சொல்லும்?" என்று கேட்டார். விடியற்காலை நாலரைக்கு போன் வந்தது, எல்லைக்குள். அப்புறம் சில மணி நேரம் கழித்து இரண்டாவது மாதிரி, அதற்கும் அதே பயணம். வலி தொடங்கிய உடனே எடுத்தால் ட்ரோபோனின் ஏறியிருக்காது, அதனால் இரண்டு தரம் பார்த்து ஏறுகிறதா என்று ஒப்பிட வேண்டும். அப்பா நன்றாக இருக்கிறார். அந்த இரவுக்குப் பிறகு "கட்டிலருகே சோதனை" என்ற சொல் எனக்கு வெறும் ஆராய்ச்சித் தலைப்பாக இல்லை.

அங்கே உட்கார்ந்து மனதுக்குள் போட்ட கணக்கு இது. எல்லைக்கோட்டில் இருக்கும் பிளாஸ்மாவில் பத்து மைக்ரோலிட்டர் எடுத்தால் அதில் ட்ரோபோனின் மூலக்கூறு சுமார் 23 லட்சம் இருக்கும். கேட்க நிறைய. ஆனால் அவை ரிங்கைத் தேடி வர வேண்டுமே! புரதம் தானாகப் பரவி நூறு மைக்ரான் நகர ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாகும். ஒரு மில்லிமீட்டர் நகர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு நேரம். ரிங்கைச் சின்னதாக்க ஆக்க மூலக்கூறு அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சின்னதாக இருப்பதையே பெருமையாகச் சொல்லும் வீடியோக்களில் இது வருவதில்லை.

8 ஜூன் 2024

சாயம் வேண்டாம், நொதி வேண்டாம் என்று முதல் நாள் எழுதினேன். அன்றைக்கு அதைத்தான் இந்தத் துறையின் அழகாக நினைத்தேன். வழிகாட்டியோடு இதற்காகச் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. முதல் ஆன்டிபாடி பிடித்த பிறகு, தங்கத் துகள் கட்டிய இரண்டாவது ஆன்டிபாடியை விட்டால், சரியான புரதம் இருக்கும் இடத்தில் மட்டும் அது போய் ஒட்டும், சிக்னலும் பல மடங்கு பெருகும். சும்மா படிந்த அல்புமினை அது சட்டை செய்யாது. ஒரு படி கூடுகிறது, செலவு கூடுகிறது, சரி. நோயாளிக்குத் தப்பான எண் போகாமல் இருந்தால் போதும்.

20 ஜூலை 2024

ஆள் இல்லாமல் கிடந்த திரியில் நேற்று ஒரு நல்ல கேள்வி: யாராவது இதை நிஜ ரத்தத்தில் செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள். சான் டியேகோவில் ஜீனலைட் என்ற நிறுவனம் சிலிக்கன் ரிங்குகளை வைத்தே கருவி செய்தது. அவர்கள் கெட்டிக்காரத்தனமாகத் தேர்ந்தெடுத்தது தன்னுடலையே தாக்கும் ஆன்டிபாடிகளை. அவை ரத்தத்தில் ட்ரோபோனின் போல அபூர்வமாக இருக்காது. ஒரே சிப்பில் ஒவ்வொரு ரிங்கிலும் வேறு வேறு புரதம் வைத்து ஒரே நேரத்தில் பலவற்றைப் பார்க்கலாம்.

வேறொரு வழி சிலிக்கன் நைட்ரைடு. சிலிக்கன் சுமார் 1100 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை விழுங்கிவிடும், அதனால் 1550 போன்ற இன்டர்நெட் கேபிள் அலைநீளத்துக்குப் போக வேண்டும், அங்கே தண்ணீர் கொஞ்சம் விழுங்கும், லேசரும் விலை. நைட்ரைடில் 850-ல் ஓட்டலாம். போன் முகத்தைப் பார்த்துப் பூட்டைத் திறக்க வைக்கும் லேசர் வகை போதும், அது மலிவு. நெதர்லாந்தின் டுவென்டே பக்கம் இதில் நிறைய வேலை நடக்கிறது. பார்சிலோனாவில் ஒரு குழு 2020-ல் கொரோனா வைரஸுக்காக நைட்ரைடு சிப்பில் இறங்கியது. சிலிக்கனில் ஒளியை ஓட்டும் தனி மையம் சென்னை ஐஐடியிலும் இருக்கிறது.

3 நவம்பர் 2024

மழை. லேபில் காய்ச்சல் கூட்டம். இன்று மட்டும் எத்தனை என்எஸ்1 (டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் சோதனை) போட்டேன் என்று எண்ணவில்லை.

இங்கேதான் இந்தச் சிப் வேண்டும் என்று தோன்றுகிறது. ஒரே காய்ச்சலுக்கு டெங்கு, ஸ்க்ரப் டைஃபஸ், லெப்டோ (எலிக்காய்ச்சல்), டைபாய்டு என்று நான்கு சந்தேகம். ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை அட்டை, தனி காசு. டெங்கு இரண்டாம் தரம் வந்தவர்களுக்கு என்எஸ்1 தவறவும் செய்யும், ஏற்கெனவே இருக்கும் ஆன்டிபாடி அதைப் பிடித்து மூடிவிடுவதால். ஒரு சிப்பில் எட்டு ரிங், எட்டிலும் வேறு வேறு, கால் மணியில் முடிந்தால் இன்று வந்த கூலிக்கார அண்ணன் நான்கு அட்டைக்குக் காசில்லாமல் இரண்டோடு போயிருக்க மாட்டார்.

அதற்கு ஆன்டிபாடி நம் வெயிலைத் தாங்க வேண்டும். ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரையோடு உலர்த்தினால் தாங்கும் திறன் கூடுகிறது. காய்ந்து கருகிக் கிடந்து மழையில் உயிர்க்கும் சில செடிகளில் இருக்கும் சர்க்கரை அது. ஒளி பற்றி நான் படித்ததில் பாதியை விட்டுவிட்டு இதைப் படித்திருக்கலாம்.

11 ஜனவரி 2025

கேள்வி கேட்டவர் பத்து மாதம் கழித்து வந்து, அம்மாவுக்கு இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுவதாகவும், வாராவாரம் எடுப்பது பிடி-ஐஎன்ஆருக்கு மட்டும்தான் என்றும் எழுதியிருக்கிறார்.

எந்த டெஸ்ட் என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். தம்பி, ஐஎன்ஆர் புரதத்தை எண்ணும் வேலை இல்லை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. அதற்கு விரலில் குத்தி ஒரு சொட்டில் பார்க்கும் மீட்டர் பல வருடமாகவே இருக்கிறது, ஸ்ட்ரிப் போட்டு ஒரு நிமிடத்தில் எண் வரும். ஒளிச் சிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்ட்ரிப் விலை அதிகம், அதை விசாரித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ரத்தசோகை இருந்தால் மீட்டர் தப்பாகக் காட்டலாம், ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்த்துவிடுங்கள். முதல் சில தடவை ஒரே நாளில் நரம்பிலும் விரலிலும் எடுத்து இரண்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சரி என்ற பிறகு மட்டும் மீட்டரை நம்பி மாத்திரையின் அளவை மாற்றுங்கள். விரலைப் பிழியாதீர்கள், கையை வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டுத் தொங்கவிட்டாலே சொட்டு வரும்.

9 பிப்ரவரி 2025

நேற்று எழுதியிருக்கிறார்: ஐஎன்ஆர் லேபில் 2.7, மீட்டரில் 2.9. டாக்டர் இன்னும் இரண்டு வாரம் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறாராம். இடது கையில் கன்றல் ஆறத் தொடங்கியிருக்கிறதாம்.